நம் கிளப்பின் புது ஹைபிரிட் பிட்ச்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த சீசன் முடிந்ததும் பழைய புல்தரையைத் தோண்டி எடுத்துவிட்டு ஹைபிரிட் பிட்ச் (நிஜப் புல்லோடு செயற்கை இழையும் கலந்த ஆடுகளம்) போடப்போவதாக நம் கால்பந்து கிளப் அறிவித்ததிலிருந்து ரசிகர்களுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை. "இப்போதாவது செய்தார்களே" என்று ஒரு பக்கம். "அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் வாங்கியிருக்கலாம்" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிட்ச் போடும் முடிவை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் செலவு அதோடு முடிந்தது என்று நிர்வாகம் நினைத்தால், போட்ட பணமும் வீண்தான்.

ஹைபிரிட் என்றால் பிளாஸ்டிக் புல்தானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். பிளாஸ்டிக் புல் என்பது முழுக்க முழுக்க செயற்கை விரிப்பு. அதில் உயிருள்ள ஒரு புல்கூட இருக்காது, இழைகள் நிமிர்ந்து நிற்க ரப்பர் துகளும் மணலும் கொட்டியிருப்பார்கள். ஹைபிரிட் பிட்சில் நீங்கள் பார்ப்பது, வீரர்கள் ஓடுவது எல்லாமே நிஜப் புல். அதற்கு நடுவே செயற்கை இழைகள் செருகப்பட்டிருக்கும். இழைகளை ஊசியால் மண்ணுக்குள் இறக்கும் தையல் முறையில் போடும் பிட்சில் இவற்றின் பங்கு மொத்தப் புல்லில் சுமார் 5 சதவீதம்தான்.

வெறும் 5 சதவீதம் இழை என்ன செய்துவிடும்?

மேலே தெரிகிற பகுதியை வைத்து எடை போடாதீர்கள். வேலை நடப்பது மண்ணுக்குள். ஒரு பெரிய இயந்திரம் இழையை மடித்து, ஊசியால் சுமார் 18 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி இறக்கும். மேலே 2 சென்டிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு குத்து என்று மைதானம் முழுவதும் இப்படியே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 2,500 குத்து. 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் என்றால் 7,140 சதுர மீட்டர். கோட்டுக்கு வெளியே உள்ள ஓரங்களையும் சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட 2 கோடி.

பிறகு புல் வளரும்போது அதன் வேர்கள் இந்த இழைகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டு கீழே இறங்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி என்ன செய்கிறதோ, மணலுக்குள் இழைகள் அதைத்தான் செய்கின்றன. ஹைபிரிட் பிட்சிலிருந்து உருளையாக ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலே இரண்டரை சென்டிமீட்டர் பச்சை, அதன் கீழே ஈர மணல், மணலுக்குள் நேராக இறங்கும் இழை, அதன் மேல் முடிபோல் சுற்றியிருக்கும் வெள்ளை வேர். கையில் வைத்து அசைத்தால் சாதாரண மணல்தரைத் துண்டு உதிர்ந்துவிடும். இது அவ்வளவு சீக்கிரம் உதிராது.

ஆட்டத்தில் இதன் பலன் எங்கே தெரியும் என்றால், மழை நாளில் ஒரு டிஃபெண்டர் வேகமாக ஓடி வந்து, காலை ஊன்றித் திரும்பும் இடத்தில். சாதாரணத் தரையில் பூட்ஸுக்குக் கீழே உள்ள புல் வேரோடு ஒரு பாளமாகப் பெயரும், அவரும் கூடவே சறுக்குவார். ஹைபிரிடில் இலை கிழியும், தரை பெயராது. ஆட்டம் முடிந்த பிறகு அந்த இடத்தில் குழி இருக்காது, கசங்கிய புல்தான் இருக்கும்.

எல்லா ஹைபிரிட் பிட்சும் ஒரே மாதிரிதானா?

மூன்று வகை உண்டு. முதலாவது, மேலே சொன்ன தையல் வகை. இரண்டாவது, விரிப்பு வகை. இழை தைத்த ஒரு விரிப்பைப் போட்டு, மணல் நிரப்பி, அதில் விதை தூவுவார்கள். வேர் விரிப்பைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். சுருட்டி எடுத்து வேறு இடத்தில் விரிக்கலாம் என்பது இதன் வசதி. மூன்றாவது, மணலோடு நுண்ணிழையும் சில சமயம் தக்கைத் துகளும் கலந்து, அந்தக் கலவையிலேயே புல் வளர்ப்பது.

நம் கிளப் சொல்லியிருப்பது தையல் வகை. வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கப்போகும் ஆடுகளத்துக்கு அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

இது இன்னும் சோதனை நிலையில் இருக்கும் விஷயமா? நம்மை வைத்துப் பரிசோதிக்கிறார்களா?

நெதர்லாந்தில் உருவான டெஸ்ஸோ கிராஸ்மாஸ்டர் என்ற தையல் முறை 1990களிலேயே இங்கிலாந்து மைதானங்களுக்கு வந்துவிட்டது. இன்று பிரீமியர் லீகில் ஏறக்குறைய எல்லா அணிகளும் ஹைபிரிட் தரையில்தான் ஆடுகின்றன. 2010 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் நெல்ஸ்ப்ரூட், போலோக்வானே மைதானங்கள் இந்த வகைதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லண்டனின் வெம்ப்லி மைதானம். புது மைதானம் 2007இல் திறந்தது. கட்டடம் பிரமாதம், புல்தான் தலைவலி. வேர் பிடிப்பதற்குள் ஆட்டம், இடையில் மற்ற நிகழ்ச்சிகள், போதாக்குறைக்கு உயரமான ஸ்டாண்டுகளின் நிழல். மூன்றே வருடத்தில் திரும்பத் திரும்பப் புல்லை மாற்ற வேண்டியிருந்தது. வீரர்கள் வழுக்கி விழுந்தார்கள், மேனேஜர்கள் பொறுமை இழந்தார்கள். 2010 கோடையில் ஹைபிரிட் போட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது.

மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானம் இன்னொன்று. 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்காக அங்கிருந்த செயற்கைத் தரையை விட்டுவிட்டுத் தற்காலிகமாக இயற்கைப் புல் போட்டார்கள். மழையில் செல்சி வீரர் ஜான் டெர்ரி பெனால்ட்டி அடிக்க வந்து வழுக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் புல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, கொட்டுகிற மழையில் எந்தத் தரையிலும் கால் வழுக்கும். ஆனால் பத்து வருடம் கழித்து 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அதே மைதானத்தில் நடந்தபோது, தரை ஹைபிரிட்.

விதிப்படி இது செல்லுமா?

செல்லும். கால்பந்து விதிகளின் முதல் விதியே ஆடுகளத்தைப் பற்றியது. இயற்கையும் செயற்கையும் சேர்ந்த ஹைபிரிட் தரையைப் போட்டி விதிகள் அனுமதித்தால் பயன்படுத்தலாம் என்று அதிலேயே இருக்கிறது. 2026 உலகக் கோப்பைக்கு ஒரு படி மேலே போய், பதினாறு மைதானங்களிலும் இயற்கைப் புல் வேண்டும் என்று ஃபிஃபா நிபந்தனை விதித்தது. வழக்கமாகச் செயற்கைத் தரை இருக்கும் மைதானங்களும், கூரை மூடிய மைதானங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. இழை கலந்து வலுவூட்டிய புல்லை அங்கே எப்படி வளர்ப்பது என்று டென்னசி, மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் பல வருடம் ஆராய்ச்சி நடந்தது.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துப் போட்டியான கோபா அமெரிக்காவின் 2024 தொடக்க ஆட்டம் அட்லாண்டாவில், செயற்கைத் தரையை மாற்றி ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு போட்ட புல்லின் மேல் நடந்தது. ஜெயித்த பிறகும் அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி தரையைப் பற்றி வெளிப்படையாகக் குறை சொன்னார். வேர் பிடிக்காத புல், எவ்வளவு பச்சையாக இருந்தாலும், மணல் மேல் போட்ட பாய்தான்.

அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கியிருக்கலாமே?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கோல் அடிக்க ஆள் இல்லாமல் தவிக்கும்போது புல்லுக்குச் செலவு செய்தால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே பையிலிருந்து வரும் பணம் என்று நினைப்பது சரியல்ல. வீரரை வாங்கினால் அந்தத் தொகையோடு ஒப்பந்தக் காலம் முழுவதும் சம்பளமும் போகும். ஆடுகளம் கட்டமைப்புச் செலவு, பல வருடங்களுக்குப் பிரித்துக் கணக்கில் எழுதுவது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ, கிளப்புகளின் வரவு செலவைச் சோதிக்கும்போது, மைதானம், இளைஞர் அகாடமி போன்றவற்றுக்கான செலவைக் கிளப்புக்கு எதிராகக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீண்ட நாள் பலன் தரும் செலவு என்று அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் அது.

அப்புறம் ஒன்று. புது ஸ்ட்ரைக்கர் வந்தாலும் இதே தரையில்தான் ஆட வேண்டும். போன குளிர்காலத்தில் நம் பெனால்ட்டி ஏரியா இருந்த நிலையில், தரையோடு வந்த பாஸ் ஒவ்வொன்றும் கடைசி நேரத்தில் குதித்துத் தாடைக்கு வந்தது. அதில் எந்த ஸ்ட்ரைக்கர் வந்து என்ன செய்ய முடியும்?

நம் ஆட்ட முறை மாறுமா?

மாற வேண்டும், மாறும். பந்து ஒரே வேகத்தில் உருளும், ஒரே உயரத்துக்குத் துள்ளும். பின்னாலிருந்து பாஸ் போட்டு ஆட்டத்தைக் கட்டும் அணிக்கு இது பெரிய விஷயம். கோல் கீப்பர் காலுக்கு வரும் பேக் பாஸ் திடீரென்று துள்ளாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் தலையை நிமிர்த்தி முன்னால் பார்ப்பார்.

புல்லை எவ்வளவு குட்டையாக வெட்டுகிறார்கள், ஆட்டத்துக்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் தெளிக்கிறார்கள் என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும். யூஇஎஃப்ஏ போட்டிகளில் புல் 30 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மைதானம் முழுக்க ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே எதிரணியை மடக்க ஓரத்தில் மட்டும் புல்லை உயரமாக விடலாமா என்ற யோசனையை இப்போதே மறந்துவிடலாம்.

வீரர்களுக்குக் காயம் குறையுமா?

குழியும் வழுக்கலும் குறைந்தால் அவற்றால் வரும் காயமும் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். செயற்கைத் தரையில் ஸ்லைடு டேக்கிள் போட்டால் தோல் உரிந்து எரியும், இங்கே அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் "ஹைபிரிட் போட்டால் முழங்கால் காயமே வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தரை இறுகிப்போனால் ஹைபிரிடும் வீரர்களின் காலுக்குப் பகைதான். கடினத்தை அளக்க க்ளெக் சுத்தியல் என்று ஒரு கருவி உண்டு. ஒரு குழாய்க்குள் எடையை மேலேயிருந்து விழவிட்டு, தரை அதை எவ்வளவு வேகமாகத் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கிளப்புகள் இதை மைதானத்தின் பல இடங்களில், சீசன் முழுக்க அளந்து குறித்துவைக்கும். நம் கிளப்பும் அளந்து, மருத்துவக் குழுவோடு அந்தக் கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். காயப் பட்டியலையும் தரையின் கடினத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத கிளப், இவ்வளவு செலவு செய்தும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வேலை எவ்வளவு காலம் ஆகும்? முதல் ஆட்டத்துக்குத் தயாராகிவிடுமா?

பழைய தரையைச் சீவி எடுத்து, வடிகால் சரிபார்த்து, சரளை, மணல் அடுக்குகளை லேசர் வைத்துச் சமன் செய்து, விதை தூவி, புல் ஓரளவு பிடித்ததும் இழை தைப்பார்கள். தையல் மட்டும் இயந்திரங்களை இரவு பகலாக ஓட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். குளிர்ப் பிரதேசங்களில் போடும் ரை புல் ஒரு வாரத்திலேயே முளைத்துவிடும், ஆனால் ஆட்டத்தைத் தாங்க எட்டு முதல் பத்து வாரம் வேண்டும். வெப்பப் பிரதேசங்களில் பெர்முடா புல்தான் அடிப்படை. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே வேலை ஆரம்பித்தால் நேரம் போதும். இடையில் ஒரு காட்சி ஆட்டமோ நிகழ்ச்சியோ வைத்தால் போதாது.

போட்டுவிட்டால் பராமரிப்புச் செலவு குறையும்தானே?

குறையாது. இந்த ஒரு விஷயத்தில் ரசிகர்களும் நிர்வாகமும் ஒரேமாதிரி தவறாக நினைக்கிறார்கள் என்று தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இழை வளராது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. அது புல்லைத் தாங்கும், அவ்வளவுதான். புல் செத்தால் மிச்சமிருப்பது மணலும் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூலும். அந்தப் புல்லை உயிரோடு வைத்திருப்பவர்கள் பராமரிப்புக் குழு. ஆட்டம் முடிந்து நாம் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவர்கள் பல் வைத்த நீண்ட கருவிகளோடு வரிசையாக இறங்குவார்கள். மடிந்த புல்லை நிமிர்த்தி, கிழிந்த இலைகளை உறிஞ்சி எடுத்து, கோல் போஸ்டுக்கு முன்னால் விதை கலந்த மணலைப் போட்டு மூடுவார்கள். வாரம் முழுக்க வெட்டுதல், உரம், நோய்க்கு மருந்து, மண்ணில் காற்றோட்டத்துக்காகத் துளையிடுதல். துளையிடும் ஊசிகூட இழையைப் பிடுங்கிவிடாத மெல்லிய அளவில் இருக்க வேண்டும்.

சீசன் முடிவில் இன்னும் பெரிய வேலை. ஓர் இயந்திரம் வந்து மேல்புல்லை முழுவதுமாகச் சீவி எடுத்துவிடும். மைதானம் மொட்டையாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து "ஐயோ, போன வருடம்தானே போட்டார்கள்" என்று பதறாதீர்கள். களைப்புல்லும், அழுகிச் சேர்ந்த குப்பையும் போய், இழைகள் அப்படியே நிற்க, புது விதை ஏறும். வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வருடம் காசைப் பார்த்துத் தள்ளிப்போட்டால் அடுத்த குளிர்காலத்தில் தரை வழுக்கும்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு செலவு?" அல்ல. "பராமரிப்புக் குழுவில் எத்தனை பேர், அவர்களுக்கு இந்தத் தரையில் பயிற்சி உண்டா, வருடாந்தரப் புதுப்பிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?"

நம் தெற்கு ஸ்டாண்டின் நிழலில் புல் வளரவே இல்லையே, அது சரியாகுமா?

ஹைபிரிட் மட்டும் அதைச் சரிசெய்யாது. வெயில் படாத இடத்தில் இழை இருந்தாலும் புல் மெலிந்துதான் போகும். அதற்குத் தீர்வு விளக்குகள். சக்கரம் வைத்த சட்டங்களில் சோடியம் அல்லது எல்இடி விளக்குகளைத் தொங்கவிட்டு, குளிர்கால மாதங்களில் நிழல் பகுதி முழுக்க நகர்த்தி நகர்த்தி எரிய விடுவார்கள். பெரிய மைதானங்களில் இரவில் பிட்ச் மஞ்சளாக ஒளிர்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. கிளப்பின் அறிவிப்பில் விளக்குகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இருக்கும் பெரிய கவலையே அதுதான்.

இனி மைதானத்தில் இசை நிகழ்ச்சியெல்லாம் தாராளமாக நடத்தலாமா?

நடத்தலாம், தாராளமாக அல்ல. மூடி வைத்த தரையில் புல்லுக்கு ஒளியும் இல்லை, காற்றும் இல்லை. சில நாளிலேயே மஞ்சளாகிவிடும். லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம் தங்கள் ஹைபிரிட் பிட்சை மூன்று துண்டுகளாகப் பிரித்து ஸ்டாண்டுக்கு அடியில் நகர்த்தும்படி மைதானத்தையே கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ரியல் மாட்ரிட் கிளப்பின் பெர்னபே மைதானத்தில் புல்லைத் தரைக்கு அடியில் உள்ள அறைக்கு இறக்குகிறார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை, ஆகவே நிகழ்ச்சிகளைச் சீசன் முடிந்து, புல்லைச் சீவுவதற்கு முன்னால் உள்ள இடைவெளியில் மட்டும் வைப்பது நல்லது.

சுற்றுச்சூழலுக்குக் கெடுதலா?

முழுச் செயற்கைத் தரையை விட நிச்சயம் மேல். அங்கே கொட்டும் ரப்பர் துகள்தான் பெரிய பிரச்சினை. நுண்பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட விதிப்படி, அந்தத் துகள்களின் விற்பனை 2031 அக்டோபருக்குப் பிறகு தடை. தையல் ஹைபிரிடில் துகளே கிடையாது.

ஆனாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு வருடமும் மேல்புல்லைச் சீவும்போது இழைத் துணுக்குகளும் சேர்ந்து வரும். அந்தக் குப்பையைச் சாதாரணப் புல்லைப் போல உரமாக்க முடியாது. அது எங்கே போகப்போகிறது என்று கிளப் எழுத்தில் சொல்ல வேண்டும்.

எவ்வளவு வருடம் உழைக்கும்?

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல்.

மகளிர் அணிக்கும் அகாடமிக்கும் இதில் இடம் உண்டா?

இருக்க வேண்டும். 2015 மகளிர் உலகக் கோப்பை முழுவதையும் கனடாவில் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். ஆண்களுக்கு இப்படிச் செய்வார்களா என்று முன்னணி வீராங்கனைகள் சட்டப்படி புகார் கொடுக்கும் வரை போனது. நம் கிளப்பில் அப்படி ஒரு பேச்சே வரக் கூடாது. ஹைபிரிட் கூடுதல் ஆட்டங்களைத் தாங்கும் என்பதுதான் அதன் முக்கியமான பெருமை. அந்தக் கூடுதல் நேரத்தில் முதல் பங்கு மகளிர் அணிக்குப் போகட்டும்.

இதோடு சேர்த்து ஒரு கணக்கு. இருபது அணி லீகில் சொந்த மைதானத்தில் 19 ஆட்டம், அதாவது மொத்தம் 30 மணி நேரம்கூட இல்லை. நம் வீரர்கள் வாரா வாரம் ஓடுவதெல்லாம் பயிற்சி மைதானத்தில். மைதானத்தில் ஒரு தரை, பயிற்சியில் வேறு தரை என்றால் கால் இரண்டுக்கும் மாறி மாறிப் பழக வேண்டும். பயிற்சி மைதானத்தில் ஒரு பிட்சையாவது இதே வகையில் போடச் சொல்லி நாம் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் எதைப் பார்த்தால் பிட்ச் எப்படி இருக்கிறது என்று தெரியும்?

பச்சை நிறத்தையும் வெட்டிய கோடுகளையும் பார்க்காதீர்கள், அது கேமராவுக்கு. இரண்டாம் பாதியில் கார்னர் கொடிப் பக்கத்திலும் தெற்கு ஸ்டாண்டுக்கு முன்னாலும் வீரர்கள் சட்டென்று திரும்பும் இடங்களைப் பாருங்கள். பாளம் பெயர்கிறதா, புல் மட்டும் கசங்குகிறதா என்று கவனியுங்கள். முதல் சில வாரம் வேர் முழுதாக இறங்கியிருக்காது, அங்கங்கே கொஞ்சம் பெயர்ந்தால் உடனே திட்ட வேண்டாம். அதே இடத்தைக் குளிர்காலத்தில் ஒரு மழை ஆட்டத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள், முடிந்தால் படம் எடுத்து வையுங்கள். சீசன் நடுவில் நடக்கும் ரசிகர் கூட்டத்தில் அந்தப் படங்களோடு விளக்கு விஷயத்தையும் கேட்போம்.